கனகரத்தினம் மாஸ்டரின் நாலு பாத்தி அண்டம்

கனகரத்தினம் மாஸ்டருக்கு இணுவிலில் இரண்டு பட்டப்பெயர்கள் இருந்தன. ஐம்பது வயது வரைக்கும் அவர் ‘வாய்ப்பாடு’. அதற்குப் பிறகு ‘நாலு பாத்தி’. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு அவர் போய்ச் சேர எடுத்தது ஒரே ஒரு கிழமை, ஏழு நாள். 1986ஆம் ஆண்டு மாசி மாதத்துக் கிழமை. எனக்கு றேடியோ திருத்தும் வேலை. அவருடைய தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் இடையில் வயர் பூட்டியவன் நான்தான். ஆகையால் நடந்ததில் பெரும்பகுதியைக் கண்ணால் கண்டேன். மிச்சத்தை அவருடைய மனைவி பூரணம் சொன்னார்.

மாஸ்டர் கீழ் வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். பல்கலைக்கழகம் போகவில்லை. புகுமுகச் சோதனை வந்த வருடம் தகப்பன் இறந்துபோனார். சோதனை மண்டபத்துக்குப் போகவேண்டிய கால் புகையிலைத் தோட்டத்துக்குப் போனது. பிறகு எப்படியோ ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புகளுக்குப் பௌதிகம் படிப்பித்தவர் கிறகோரி மாஸ்டர். குருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார், பட்டதாரி. ‘வாய்ப்பாடு’ என்ற பெயர் அவருடைய கைவேலை.

“ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேலை ஏதும் சந்தேகம் எண்டால் என்னட்டை வாங்கோ மாஸ்டர்” என்று ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லுவார். மாஸ்டர் சிரிப்பார். வீட்டுக்கு வந்து சிரிக்கமாட்டார்.

1985இல் மாஸ்டரிடம் படித்த செல்வநாயகம் என்பவர் இங்கிலாந்திலிருந்து ஒரு சின்னக் கணினியை அனுப்பினார். ஒரு சோப்புப்பெட்டி அளவு. தொலைக்காட்சியில் பூட்டினால்தான் எழுத்துத் தெரியும். செல்வநாயகம் அங்கே வான்சாத்திரம் ஆராய்கிறவர்களோடு வேலை செய்தார். கணினியோடு வந்த கடிதத்தில், அவர்கள் பெரிய இயந்திரங்களில் செய்யும் கணக்கு ஒன்றை விளக்கி எழுதியிருந்தார். அண்டத்தில் பொருள் தொடக்கத்தில் ஏறக்குறையச் சமமாகப் பரவிக் கிடந்தது. ஒன்றையொன்று இழுத்து இழுத்து, சில இடத்தில் திரண்டு சில இடத்தை வெறுமையாக்கிவிட்டது. அது எப்படித் திரண்டது என்று பார்க்க, ஒரு கட்டத்துக்குள் புள்ளிகளை வைக்கவேண்டும். ஒவ்வொரு புள்ளியையும் மற்றப் புள்ளிகள் எல்லாம் எவ்வளவு இழுக்கின்றன என்று கணக்கிட்டு, அதற்கேற்ப எல்லாவற்றையும் சிறிது நகர்த்தவேண்டும். பிறகு திரும்பவும் கணக்கு, திரும்பவும் நகர்த்தல். அவ்வளவுதான்.

“இதிலை வாய்ப்பாட்டுக்கு மேலை ஒண்டுமில்லை” என்றார் மாஸ்டர். கணினியைக் கட்டியணைக்காத குறை.

நூற்றிருபது புள்ளிகளை வைத்தார். ஒருமுறை நகர்த்துவதை ஒரு படி என்பார். ஒரு படிக்குப் பன்னிரண்டு நிமிடம் எடுத்தது; மணிக்கூடு வைத்துப் பார்த்தேன். அறுபது படி ஓடினால்தான் ஏதாவது தெரியும். அதாவது பன்னிரண்டு மணித்தியாலம் தொலைக்காட்சி மாஸ்டருடையது, பூரணத்துடையது அல்ல.

முதல் அண்டத்தில் இரண்டு புள்ளிகள் அளவுக்கு மீறி நெருங்கின. நெருங்க நெருங்க இழுவை கூடும். கடைசியில் ஒன்று மற்றதை வீசி எறிந்தது. வீசப்பட்ட புள்ளி திரையைவிட்டே போய்விட்டது. மாஸ்டர் இரண்டு நாள் யோசித்தார். பிறகு தூரத்தோடு ஒரு சின்ன எண்ணைக் கூட்டி, எவ்வளவு நெருங்கினாலும் இழுவை ஓர் அளவுக்கு மேல் போகாதபடி செய்தார். அந்த எண்ணுக்கு ‘வேலி’ என்று பெயர் வைத்தார்.

“வேலி இல்லாட்டில் அண்ணை தம்பியே வெட்டுக்குத்து. புள்ளியளைச் சொல்லி என்ன குற்றம்” என்று எனக்கு விளக்கம் சொன்னார்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது அண்டங்களை அழித்தது முருகேசு. முருகேசு பூரணத்தின் மூத்த அண்ணன், பக்கத்து வளவு, வெங்காயத் தோட்டம். அவர் கிணற்றடியில் மின்சார மோட்டரைப் போட்டால் மாஸ்டர் வீட்டில் திரை ஒருமுறை சுருங்கும், கணினி எல்லாவற்றையும் மறக்கும். நடுவில் நின்ற கணக்கைப் பதிந்துவைக்க வழி உண்டு. அதற்குக் கணினியில் இடம் போதாது என்பார் மாஸ்டர். இடம் இருந்தது. அவருக்குத்தான் அதற்கு நிரல் எழுதத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் தெரியவில்லை.

“மச்சான், பதினொரு மணித்தியால அண்டம்!” என்று வளவு வேலிக்கு மேலால் கத்துவார்.

“என்ரை வெங்காயம் நாப்பது நாள் மச்சான்!” என்று பதில் வரும்.

முருகேசு மாமியார் வீட்டுக்குப் போன ஒருநாள் ஐந்தாவது அண்டம் முழுதாக ஓடியது. ஆனால் மாஸ்டருக்குத் திருப்தியில்லை. தொடக்கப் புள்ளிகளைக் கணினியே கண்டபடி எறிந்திருந்தது. கண்டபடி எறிந்தால் சமமாக விழாது. ஏற்கெனவே அங்கங்கே குவிந்துதான் விழும். பிறகு திரண்டது ஈர்ப்பால் திரண்டதா, எறிந்தபோதே திரண்டு கிடந்ததா? சதுரச் சதுரமாக வைத்தாலும் சரிவராது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு இழுவை இருந்தால் ஒன்றும் அசையாது. அப்படியும் ஒருநாள் ஓடவிட்டுப் பார்த்தார். காலையில் கண்ட படமே பின்னேரமும் நின்றது. பூரணம், “இதுக்கோ என்ரை படத்தை விட்டுக்குடுத்தனான்?” என்று கேட்டார்.

மாஸ்டர் அப்போதுதான் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பூரணம் பத்து வயதிலிருந்து வெங்காயம் நட்டவர். அளவுகோல் பிடிக்காமல் ஒரே இடைவெளியில் நடும் கை அது.

“பூரணம், இந்தக் கட்டத்தாளிலை நூற்றிருபது புள்ளி வைச்சுத் தாரும். சமனாய் இருக்கவேணும். கோடு பிடிச்ச மாதிரி மட்டும் இருக்கக்கூடாது.”

“வெங்காயம் நடுற மாதிரித்தானே?”

“ஓம், ஓம். அதே மாதிரி.”

அந்த ‘ஓம்’தான் பிழை.

பூரணம் அரிசி வேகிற நேரத்துக்குள் வைத்துமுடித்தார். பார்க்க வடிவாக இருந்தது. மாஸ்டர் ஒவ்வொரு புள்ளியாக அளந்து கணினிக்குக் கொடுத்தார். முருகேசு சந்தைக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஓடவிட்டார். பின்னேரம் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. தொலைக்காட்சி பழுதாக்கும் என்று சாமான் பையோடு ஓடினேன்.

திரையில், மேலிருந்து கீழே, ஒரே இடைவெளியில் நான்கு பட்டைகள். புள்ளிகள் எல்லாம் அந்த நான்கிலும் ஒதுங்கிக் கிடந்தன, நடுவில் வெறுமை. மாஸ்டர் திரையில் விரல் வைத்து எண்ணிக் காட்டினார்.

“நாலு வரி. பாரும், நாலு. ஒருத்தரும் இதைச் சொல்லேல்லை. ஈர்ப்புக்குள்ளை ஒரு ஒழுங்கு கிடக்கு!”

அன்றே செல்வநாயகத்துக்குக் கடிதம் எழுதினார். திங்கட்கிழமை அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வாசிகசாலைக்குப் போனார். அங்கே மாதத்தில் ஒரு சனிக்கிழமை அறிவியல் கூட்டம் நடக்கும். இருபத்தேழு வருடமாகக் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேட்டவர், முதல்முறையாகத் தனக்கு நேரம் கேட்டார். பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள். கரும்பலகையில், ‘அண்டத்தின் நான்கு வரிகள்: கண்டுபிடித்தவரே விளக்குகிறார்’ என்று வெள்ளைக்கட்டியால் எழுதியும் விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் கிறகோரி மாஸ்டர் அவரைப் பிடித்தார்.

“என்ன மாஸ்டர், சனிக்கிழமை அண்டத்தைக் கட்டிமுடிக்கிறியளாம். கூரை வேய ஆள் வேணுமெண்டால் சொல்லுங்கோ.”

“வந்து பாருங்கோ.”

“வராமல்? முன் வாங்கிலை இருப்பன். கேக்கிறதுக்கு ஒரு கேள்வியும் கொண்டுவாறன்.”

இது நடந்தபோது மாஸ்டர் பயப்படவில்லை. பயம் அன்று பின்னேரம் வந்தது. கூட்டத்துக்காகப் பட்டைகளை ஒரு பெரிய அட்டையில் மையால் வரைந்து, காயட்டும் என்று கொடியில் கொழுவியிருந்தார். பூரணம் உடுப்பு எடுக்க வந்தவர் அப்படியே நின்றார்.

“இஞ்சாருங்கோ, உது எங்கடை பாத்தியெல்லோ?”

“என்ன பாத்தி?”

“வெங்காயப் பாத்தி. நாலு பாத்தி, நடுவிலை மூண்டு வாய்க்கால். கரையிலை வரம்பு.”

மாஸ்டர் உள்ளே ஓடினார். பூரணம் புள்ளி வைத்துத் தந்த தாளை எடுத்து அளவுகோல் வைத்தார். மூன்று வரிசை வரைக்கும் இடைவெளி ஒரே அளவு. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஒரு நூல் அளவு கூட. திரும்பவும் மூன்று வரிசை சரி. திரும்பவும் ஒரு நூல் கூட. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் அறுபது படி இழுத்ததில் அந்த நூல் அகன்று பெரிய வெறுமையாகிவிட்டது.

“வாய்க்கால் விட்டனீரே?”

“விடாமல்? பிறகு தண்ணி எங்காலை போறது?”

“பூரணம், அண்டத்துக்குத் தண்ணி வேண்டாம்!”

“வெங்காயம் நடுற மாதிரி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். தண்ணி விடாத வெங்காயத்தை நான் எங்கை கண்டன்?”

மாஸ்டர் தாளோடு முற்றத்துக்கு வந்து குந்திவிட்டார். கடிதம் போய்விட்டது. கரும்பலகை எழுதியாகிவிட்டது. முன் வாங்கில் கிறகோரி மாஸ்டர் இருக்கப்போகிறார். அன்று மாஸ்டர் சொன்னதைப் பூரணம் எனக்கு அப்படியே சொன்னார்: “வாய்ப்பாடு எண்டு இருந்திருக்கலாம்.”

புதன்கிழமையிலிருந்து மூன்று நாள் சுகயீன விடுமுறை. விண்ணப்பத்தில் ‘தலைச்சுற்று’ என்று எழுதினார், பொய் இல்லை. நான் போனபோது புதிய தாளில் தானே புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது தாள் கசக்கிக் கிடந்தது. சமமாக வைத்தால் கோடு வருகிறது. கோட்டைக் கலைத்தால் குவியல் வருகிறது.

பூரணம் தேத்தண்ணியோடு வந்து கொஞ்சநேரம் பார்த்தார்.

“சித்தப்பாவின்ரை செத்தவீடு ஞாபகமோ?”

“இப்ப என்னத்துக்கு அது?”

“காணிப் பிரச்சினையிலை அவ்வளவு சனமும் ஆளோடை ஆள் கோவம். ஒருத்தருக்குப் பக்கத்திலை ஒருத்தர் இருக்கேல்லை. வந்தவை எல்லாம் மற்றவைக்கு எவ்வளவு எட்டத்திலை இருக்கலாமோ அவ்வளவு எட்டத்திலை கதிரையை இழுத்துப் போட்டிச்சினம். பந்தலைப் பாத்தனீங்கள்தானே? எவ்வளவு சமன். ஒரு வரிசையும் இல்லை, ஒரு குவியலும் இல்லை. உங்கடை புள்ளியளையும் கோவப்படுத்தி விடுங்கோவன்.”

மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தார். பிறகு கணினி நிரலில் ஒரே ஒரு வரியைத் திறந்தார். அங்கே இருந்த கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கினார். இழுத்த புள்ளிகள் இப்போது ஒன்றையொன்று தள்ளும். கணினி கண்டபடி எறிந்த புள்ளிகளையே எடுத்து, தள்ளவிட்டார்.

முதல் ஐந்து படியில் கலவரம். பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. பூரணம் பார்த்துவிட்டு, “கோவக்காரர் ஒருக்காக் கதிரையிலை இருந்தால் பிறகு எழும்பாயினம்” என்றார். மாஸ்டர் ஒவ்வொரு படியிலும் வேகத்தைப் பாதியாகக் குறைக்க ஒரு வரி சேர்த்தார். இருபதாவது படியில் எல்லாப் புள்ளியும் அடங்கின. வரிசை இல்லை. குவியல் இல்லை. வாய்க்கால் இல்லை. செத்தவீட்டுப் பந்தலேதான். மாஸ்டர் நூற்றிருபது இடத்தையும் கொப்பியில் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தட்டுக் கொடுத்து, கழித்தலைத் திரும்பக் கூட்டலாக்கினார். இனி இழுக்கவேண்டும், பன்னிரண்டு மணித்தியாலம்.

வியாழக்கிழமை, நாற்பத்தோராவது படியில் முருகேசு மோட்டரைப் போட்டார்.

மாஸ்டர் வேலிக்குப் போகவில்லை. கத்தவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் பூரணத்துக்குப் பயம் வந்தது. அவரே அண்ணன் வீட்டுக்குப் போனார். வெள்ளிக்கிழமை விடிய முருகேசு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மச்சான், தங்கச்சி சொன்னாள். எங்கடை பாத்தி வரி லண்டன் வரைக்கும் போயிட்டுதாம்?”

“போயிட்டுது” என்றார் மாஸ்டர்.

“அங்கத்தையான் படிச்ச ஆக்கள் பாப்பினமோ?”

“பாப்பினம். சிரிப்பினம்.”

“சிரிக்கிறது அவையின்ரை பாடு. இண்டைக்கு நான் மோட்டர் போடேல்லை. ஆனால் ஒரு சொல் தரவேணும். நாளைக்கு மேடையிலை அந்தப் பாத்திப் படத்தையும் காட்டவேணும். அது ஆரின்ரை நடுகை எண்டும் சொல்லவேணும்.”

மாஸ்டர் அந்த அட்டையை எரிக்க நெருப்புப்பெட்டி எடுத்துவைத்திருந்தார். அதை நான் கண்டேன். கூட்டத்தில் புதிய படத்தை மட்டும் காட்டி, நான்கு வரியைப் பற்றி வாய் திறக்காமல் தப்பலாம் என்பது அவருடைய திட்டம். அவர் பூரணத்தைப் பார்த்தார். பூரணம் முருங்கை மரத்தைப் பார்த்தார்.

“சரி மச்சான்” என்றார். நெருப்புப்பெட்டி குசினி அடுப்படிக்கே திரும்பிப் போனது.

காலை ஆறு மணிக்குத் தொடங்கியது. பத்து மணிக்கு வேலியால் ஒரு தலை தெரிந்தது.

“எத்தினையாவது?”

“இருவது.”

ஒரு மணிக்குத் திரும்பவும் தலை.

“எத்தினை?”

“முப்பத்தஞ்சு.”

“வெங்காயம் தலையைத் தொங்கப்போடுது மச்சான்.”

ஐந்து மணிக்கு முருகேசு உள்ளேயே வந்து, திரைக்கு முன்னால் நிலத்தில் குந்தினார். “அண்டம் முடிஞ்சுதோ?”

“இன்னும் அஞ்சு.”

“அதுக்கு முந்தி என்ரை தோட்டம் முடிஞ்சிடும்.” ஆனால் எழும்பிப் போகவில்லை. அறுபதாவது படியின் கடைசி எண்ணும் திரையில் வந்ததும் மாஸ்டருக்கு முதல் கை தட்டியவர் அவர். தட்டிய கையோடு ஓடிப்போய் மோட்டரைப் போட்டார். படத்தை அட்டையில் கொப்பிபண்ண முதலே திரை சுருங்கியது. நல்ல காலம், கடைசிப் படியின் எண்களை மாஸ்டர் வாசிக்க வாசிக்க நான் எழுதிமுடித்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மாஸ்டர் இன்னொரு வேலை செய்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் மிகக் கிட்டிய புள்ளி எது என்று பார்த்து, அது கிழக்கு மேற்காகக் கிடக்கிறதா, வடக்குத் தெற்காகக் கிடக்கிறதா என்று எண்ணினார். பழைய படத்தையும் எண்ணினார், புதியதையும் எண்ணினார். பூரணம் தனியாக எண்ணினார். ஒரு புள்ளியில் இருவருக்கும் பிணக்கு. அது சரி மூலைப்பாடாகக் கிடந்தது. அந்தப் பிணக்கோடுதான் கூட்டத்துக்குப் போனார்கள்.

வாசிகசாலையில் இருக்க இடமில்லை. கிறகோரி மாஸ்டர் சொன்னபடி முன் வாங்கில். மாஸ்டர் ஏறி, முதலில் நாலு பாத்தி அட்டையைத் தொங்கவிட்டார்.

“இது பிழை” என்றார்.

பிறகு கரும்பலகையைக் காட்டினார்.

“கரும்பலகையிலை எழுதிக்கிடக்கிற நான்கு வரி ஈர்ப்பின்ரை வேலை இல்லை. என்ரை மனுசி வெங்காயம் நடுற மாதிரிப் புள்ளி வைச்சவ. நான்தான் அப்பிடி வைக்கச் சொன்னனான். மச்சான் முருகேசர் வளவு நடுகை. ஒரு நூல் வாய்க்கால், அறுவது படியிலை இப்பிடி ஆச்சுது.”

சிரிப்பு பின் வாங்குகளிலிருந்து தொடங்கி முன்னுக்கு வந்தது. முருகேசு எழும்பி நின்று நாலு பக்கமும் பார்த்துக் கும்பிட்டார். மாஸ்டர் சிரிப்பு முடியும் வரைக்கும் நின்றார். பிறகு வேலி எண் எதற்கென்று சொன்னார், செத்தவீட்டுப் பந்தலைச் சொன்னார், இரண்டாவது அட்டையைத் தொங்கவிட்டார். ஆங்காங்கே சில கட்டிகள், நூல்போலச் சில இழைகள், நடுவில் ஒரு பெரிய வெறுமை. பார்க்க ஒரு வடிவும் இல்லை. சபைக்குப் பாத்திப் படம்தான் பிடித்திருந்தது என்று முகங்களில் தெரிந்தது.

கிறகோரி மாஸ்டர் எழும்பினார்.

“மாஸ்டர், முதல் படம் ஆரோ ஒருத்தரின்ரை தோட்டம். சரி. இரண்டாவது படம் வேறை ஆரின்ரையும் தோட்டம் இல்லையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

நல்ல கேள்வி. சபை திரும்பி மாஸ்டரைப் பார்த்தது.

“முழுக்கத் தெரியாது” என்றார் மாஸ்டர். “ஆனால் ஒண்டு எண்ணிப் பாத்தன். ஈர்ப்புக்குக் கிழக்கும் தெரியாது, வடக்கும் தெரியாது. அப்ப கிட்டிய புள்ளி இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமனாய்க் கிடக்கவேணும். முதல் படத்திலை ஒரு பக்கம் தொண்ணூற்றேழு, மற்றப் பக்கம் இருபத்துமூண்டு. இரண்டாவதிலை அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு. என்ரை மனுசியின்ரை எண்ணிக்கையிலை அறுபத்தொண்டு, ஐம்பத்தொன்பது. இரண்டையும் கொப்பியிலை எழுதியிருக்கிறன்.”

“ஈர்ப்புக்குத் திசை தெரியாது. வாய்க்காலுக்குத் தெரியும்!” என்று முருகேசு இருந்த இடத்திலிருந்து சொன்னார்.

கிறகோரி மாஸ்டர் திரும்ப உட்காரவில்லை. நின்றபடியே இரண்டாவது அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாயில் அடுத்த பகிடி வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

“உந்த வேலி எண்ணு எவ்வளவு வைச்சனீங்கள்?” என்று கேட்டார். குரல் வேறு.

மாஸ்டர் சொன்னார். கிறகோரி மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து அதைக் கையில் எழுதினார்.

கூட்டம் கலையும்போது அவர் வாசலில் நின்று, “நாலு பாத்தி மாஸ்டர், திங்கட்கிழமை அந்தக் கொப்பியைக் கொண்டுவாங்கோ” என்றார். பெயர் அன்றே ஊர் முழுக்கப் பரவியது. மாஸ்டர் இந்தமுறை வீட்டுக்கு வந்தும் சிரித்தார். செல்வநாயகத்துக்கு இரண்டாவது கடிதத்தை அன்றே எழுதி, இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினார். சித்திரைக்குப் பிறகு பதில் வந்தது. அங்கே எல்லோரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். பாத்திப் படத்தைச் சுவரில் ஒட்டி, தொடக்கப் புள்ளிகளைச் சரிபார்க்காதவர்களுக்குக் காட்டுகிறார்களாம்.

முருகேசுவுக்கு அதை வாசித்துக் காட்டியது நான். கவனமாகக் கேட்டார்.

“ஒட்டினது சரி. ஆனால் தங்கச்சி வாய்க்காலைக் கொஞ்சம் அகலமாய் விட்டிட்டாள். அந்த அளவு நிலத்துக்கு அஞ்சு பாத்தி போடலாம். அதையும் எழுதிவிடச் சொல்லு” என்றார்.